எழுபத்தாறு கிராம் கடலை

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். பார்வையாளர் நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"இன்னிக்கு எவ்வளவு?"

"நானூத்தம்பது" என்றேன்.

"முழுசா அரை மணி மிதிச்சீங்களா?"

"சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி தேறும்."

பொய். அன்று நான் சைக்கிள் இருந்த அறைக்கே போகவில்லை.

"அப்போ எழுபத்தாறு கிராம். கடலை டப்பா மேல் தட்டுல இருக்கு. நிறுத்துச் சாப்பிடுங்க. கையால அள்ளாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காவலாளி வந்து கதவைத் தட்டினார். சாயங்காலம் நான் திரும்பி வருவதற்குள் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு மாற்றிவிட்டார்கள்.

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தின் கடைசிப் பேச்சு கடலையைப் பற்றியது. அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. புருஷன் ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறானே என்ற பூரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி நான் எப்போதும் கொஞ்சம் உயர்வாகவே நினைப்பவன்.

என் தொழில் தராசு பழுது பார்ப்பது. காய்கறிக் கடை, மீன் கடை, நகைக் கடை, தபால் ஆபீஸ் என்று ஊரில் எது நிறுத்தாலும் அது என் கைபட்டுத்தான் நிறுக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தராசைப் பிரித்தேன், திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை, தெரியும்வரை விடவில்லை. அப்படியே தொழிலாகிவிட்டது. தெருவில் எனக்குப் பெயரே 'தராசுக்காரர்'தான். கடைக்காரர்களிடம் ஒரு வாசகம் வைத்திருந்தேன். "கண்ணு ஏமாத்தும். தராசு ஏமாத்தாது." இதைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்துவேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே விரலை உயர்த்திக் காட்டுவாள், கிண்டலுக்கு.

அப்படி ஊர் எடையெல்லாம் பார்த்தவன் என் எடையைப் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு எனக்கு முன்னால் இறங்கி ஓடியது. என் மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் என்னை மெஷினில் ஏற்றினார். எண்பத்தாறு.

"உங்க மெஷின் ரெண்டு கிலோ கூடுதலா காட்டுது டாக்டர். பாதம் நாலும் சமமா இல்லை. நான் வேணா சரி பண்ணித் தரட்டுமா?"

"மெஷின் இருக்கட்டும். உங்க ரத்தக்குழாயை யாரு சரி பண்றது? ஒன்றரை வருஷத்துல அறுபத்தெட்டுக்கு வரணும். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இந்த ரெண்டு நாற்காலியில ஒண்ணு காலியா இருக்கும்."

என் மனைவி நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. அவள் பேசாமல் வருவது எனக்கு ரத்தக்குழாய் அடைப்பைவிடப் பயமான விஷயம்.

மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து உடற்பயிற்சி சைக்கிள் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு நர்ஸ், ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் அந்த சைக்கிள் ஆறு வருஷமாகத் துணி காயப்போடும் வேலையைக் குறைவில்லாமல் செய்துவந்தது. ஹேண்டிலில் ஒரு துண்டு தொங்கியபடியே எங்கள் வீட்டுக்கு வந்தது.

"இதுல ஒரு சின்னப் பெட்டி இருக்கு பாருங்க அண்ணே. நீங்க மிதிக்க மிதிக்க எவ்வளவு கலோரி எரியுதுன்னு காட்டும்" என்றார் நர்ஸ்.

"கலோரியோ லாரியோ, அதெல்லாம் இவருக்குப் புரியாது. நீ கடலைக் கணக்குல சொல்லு" என்றாள் என் மனைவி.

அவளுக்குத் தெரியும். எனக்கு வறுத்த கடலை என்றால் உயிர். அந்த உயிரை வைத்துத்தான் இந்த உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள்.

நர்ஸ் கணக்குப் போட்டார். நூறு கலோரிக்குப் பதினேழு கிராம் கடலை. அதை ஒரு காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார்கள். ஒப்பந்தம் இதுதான்: மூன்று வேளைச் சாப்பாடு அவள் அளந்து போடுவது. அதற்குமேல் ஒரு பருப்பு வேண்டுமானாலும் நான் மிதித்துச் சம்பாதிக்க வேண்டும். பெட்டி என்ன காட்டுகிறதோ அதற்கு உண்டான கடலை, அடுப்படித் தராசில் நிறுத்துத் தரப்படும்.

முதல் நாள் அரை மணி நேரம் மிதித்தேன். பூமியைச் சுற்றி வந்த களைப்பு. பெட்டியைப் பார்த்தேன். நூற்றைம்பது.

"மெஷின் ரிப்பேரு" என்றேன்.

"கிண்ணத்தைக் கொண்டாங்க, இருபத்தஞ்சு கிராம்" என்றாள்.

கிண்ணத்தில் விழுந்ததை எண்ணினேன். நாற்பத்திரண்டு பருப்பு. அரை மணி நேர மரண அவஸ்தைக்கு நாற்பத்திரண்டு! அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். மனசு தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் தின்ற கடலைக்கெல்லாம் மிதிப்பதென்றால் இந்நேரம் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு தராசுக் கடை போட்டுத் திரும்பியிருக்கலாம்.

ஒரு மாதம் இப்படியே போனது. பசி என்றால் என்ன என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன். கனவில்கூடக் கடலைதான். கனவிலும் அவள் வந்து நிறுத்துத்தான் கொடுத்தாள்.

ஒருநாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து சைக்கிளைப் பிரித்தேன். தொழில் புத்தி. உள்ளே பார்த்தால் சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் காந்தம் ஒரு தடவை பெட்டியிலிருந்து வரும் கம்பியைக் கடக்கும். பெட்டி அதை எண்ணுகிறது. அவ்வளவுதான்! அதற்கு என் வேர்வை தெரியாது, முட்டி வலி தெரியாது, வயிற்றெரிச்சல் தெரியாது. இத்தனை சுற்று சுற்றினானே, இவ்வளவு எரிந்திருக்கும் என்று ஒரு உத்தேசம். உத்தேசத்தை ஏமாற்றுவது ஏமாற்று ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

என் தொழில் பெட்டியில் அதே மாதிரிக் காந்தங்கள் இருந்தன. எதிர்ப்பக்கம் ஒன்றை ஒட்டினேன். இப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு எண்ணிக்கை.

அன்று அரை மணியில் முந்நூறு.

"என்னங்க இது, ஒரே நாள்ல ரெட்டிப்பா?"

"உடம்பு பழகிடுச்சு. இப்பத்தான் எரிய ஆரம்பிச்சிருக்கு."

"அடேங்கப்பா. கருகுற வாசனை வருதே, அதான் போல."

ஐம்பத்தோரு கிராம் நிறுத்துப் போட்டாள். கிண்ணம் பாதிக்கு மேல் வந்தது. கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் முந்நூறு. மறுநாளும் ஐம்பத்தொன்று. ஆனால் கிண்ணத்தைப் பார்த்தால் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது.

"இது ஐம்பத்தொண்ணா?"

"தராசைப் பாருங்க."

பார்த்தேன். ஐம்பத்தொன்று.

"நேத்து நிறைய இருந்துச்சே?"

"நேத்து பழைய கடலை, காஞ்சு போனது. இது புதுசு. கனமா இருக்கும்ல?"

இருக்கும். ஈரம் இருந்தால் எடை கூடும். நான் கடைக்காரர்களுக்குச் சொல்லித் தரும் பாடம். அப்புறம் என் கண் என்ன சொன்னாலும் கேட்பதாக இல்லை. கண் ஏமாற்றும், தராசு ஏமாற்றாது. விரலைக்கூட உயர்த்தினேன். அவளும் உயர்த்தினாள்.

ஐந்தாம் மாதம் மூன்றாவது காந்தம் ஒட்டினேன். பேராசைதான், ஒப்புக்கொள்கிறேன். நானூற்றைம்பது. எழுபத்தாறு கிராம். இந்த முறையும் முதல் நாள் கிண்ணம் வழிந்தது, மறுநாளிலிருந்து வற்றிப்போனது. தராசு மட்டும் எழுபத்தாறிலேயே நின்றது.

"இந்தக் கடைக்காரன் கடலையை ஊறவெச்சு வறுக்கிறான்" என்றேன்.

"அப்படித்தான் இருக்கணும். என்ன ஜனங்களோ" என்றாள்.

அதே சமயத்தில் என் தொழில் பெட்டியிலிருந்து சில எடைக்கற்கள் காணாமல் போயின. மீன் கடையில்தான் கடைசியாக வேலை பார்த்தேன். நேரே போய் மீன்காரரிடம் சண்டை பிடித்தேன். பாவம், அவர் என் எதிரிலேயே மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உதறிக் காட்டினார்.

இதற்கிடையில் ஒரு அதிசயம் நடந்தது. நான் இளைத்தேன். எண்பது, எழுபத்தைந்து, எழுபத்திரண்டு. டாக்டர் கை கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மடங்கு கடலை தின்கிறேன், உடம்பு இறங்குகிறது! டாக்டர்கள் போடும் கணக்கெல்லாம் சுத்தப் பொய் என்று கடைகடையாகப் பிரசங்கம் செய்தேன். மீன்காரர் மட்டும் கேட்க மாட்டேன் என்றார்.

அந்த நாட்களில் என் மனைவியும் இளைத்துக்கொண்டிருந்தாள். நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"நான் உயிரைக் கொடுத்து மிதிக்கிறேன், மாசத்துக்கு ஒண்ணரை கிலோ குறையுது. நீ சைக்கிள்ல ஏறினதே இல்லை, எப்படிடி இப்படிக் குறையுறே?"

"உங்களைப் பார்த்துப் பார்த்தே இளைச்சுட்டேன்."

"இது அநியாயம்."

"அநியாயம்தான், என்ன பண்றது? விடுங்க. கிண்ணத்தைக் கொண்டாங்க."

தக்காளிக் குவியலைப் பார்த்த மாத்திரத்தில் அதன் எடையை ஐம்பது கிராம் முன்னே பின்னே சொல்லிவிடுகிறவன் நான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், எதிர் நாற்காலியில் பதினைந்து கிலோ குறைந்துபோயிருக்கிறது. பொறாமைப்பட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பிறகு வயிற்று வலி என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு வாரம். அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு வீடாக இல்லாமல் இருந்த நாட்கள். ஒருநாள் பகலில் ரொட்டி செய்யலாம் என்று மாவு டப்பாவைத் திறந்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. கரண்டியில் ஏதோ இடித்தது. ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தால், காணாமல் போன என் எடைக்கற்கள். இருநூறு, நூறு, இருபது, பத்து, இரண்டு, ஒன்று. ஆறு கல்.

முதலில் மீன்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்புறம் வாய் தானாகக் கூட்டியது. முந்நூற்று முப்பத்து மூன்று.

இப்படி ஒரு எடையை எந்தக் கடையிலும் நிறுக்க மாட்டார்கள். நின்றபடியே யோசித்தேன். ஒரு கிலோவை மூன்றாகப் பங்கிட்டால் முந்நூற்று முப்பத்து மூன்று.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அடுப்படித் தராசு பழசு. பேட்டரி மாற்றினால் எல்லாம் மறந்துவிடும். திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால், 'ஒரு கிலோ வை' என்று கேட்கும். கிலோக் கல்லை வைத்தால், ஓ, இதுதான் கிலோ என்று பிடித்துக்கொள்ளும். அது குழந்தை மாதிரி. வேறு எதையாவது வைத்து இதுதான் கிலோ என்றாலும் நம்பிவிடும். அப்புறம் சாகும்வரை அதையே சாதிக்கும். இதை என் மனைவிக்கு விளக்கியது நான்தான். பெருமையாக, விரலை உயர்த்தி.

அடுப்படித் தராசில் நூறு கிராம் கல்லை வைத்தேன். முந்நூறு என்றது.

ஊர்த் தராசையெல்லாம் வருஷா வருஷம் சோதித்தவன், என் வீட்டுத் தராசை ஒரு நாள் சோதிக்கவில்லை.

நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். கையில் துணி முடிச்சு. நர்ஸ் அதைப் பார்த்ததும் உட்காருங்கள் என்றார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே."

"காந்தம் விஷயம் அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அக்கா தினமும் அந்த சைக்கிளை ஓட்டுவாங்க. நீங்க வேலைக்குக் கிளம்பினதும் நான் வருவேன். என் வாட்சைப் பார்த்துச் சரியா பத்து நிமிஷம். ஒரே சீரா மிதிப்பாங்க. எப்பவும் நாப்பது காட்டும். ஒருநாள் எண்பது காட்டுச்சு. ரெண்டு பேரும் மூடியைக் கழட்டிப் பார்த்தோம்."

"பார்த்துட்டு?"

"அக்கா தரையில உட்கார்ந்து சிரிச்சாங்க. எழுந்திரிக்கவே இல்லை. அப்புறம் உங்க அரைக்கிலோ கல்லை எடுத்துத் தராசு மேல வெச்சாங்க. அவர் ரெண்டாக்கினா நான் பாதியாக்குறேன்னாங்க. அடுத்த தடவை நூத்திருபது காட்டினப்போ, இந்த ஆறு கல்லையும் பொறுக்கிக் கூட்டி எடுத்ததும் அவங்கதான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நானும் சொன்னேன். 'வேண்டாம்டி, தெரிஞ்சா தராசைச் சரி பண்ணிடுவாரு. அது ஒண்ணுதான் அவருக்குச் சரி பண்ணத் தெரியும்'னாங்க."

எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. வாட்சைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணே. சொல்லவா வேண்டாமான்னு..."

"சொல்லு."

"ஒருநாள் பத்து நிமிஷத்துக்கு எண்பதுதான் காட்டுச்சு. நூத்திருபது காட்ட வேண்டியது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். 'பார்த்தியாடி, மனசு மாறி ஒரு காந்தத்தை எடுத்துட்டாரு, என் புருஷன் யோக்கியனாயிட்டாரு'ன்னாங்க. தராசையும் மாத்திடறேன்னு அரைக்கிலோ கல்லைத் தேட ஆரம்பிச்சாங்க. எதுக்கும் பார்த்துடுவோம்னு நான்தான் மூடியைக் கழட்டினேன்."

அவர் நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"எத்தனை இருந்துச்சு?"

"மூணும் இருந்துச்சு."

குறைந்தது காந்தம் இல்லை, அவள் காலின் தெம்பு.

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்பவே லேட்டுன்னுட்டாங்க. வெளியே வந்து பெஞ்சில உட்கார்ந்து அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'அவர் இப்ப எழுபதுல இருக்காரு. இன்னும் ரெண்டு கிலோ. அதுவரைக்கும் தராசு தாங்குமா?'"

வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் ஏறி அரை மணி நேரம் மிதித்தேன். நானூற்றைம்பது. கடலை டப்பா மேல் தட்டில் இருந்தது. எழுபத்தாறு கிராம் நிறுத்துக் கிண்ணத்தில் போட்டு, முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. மீன்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தொழிலையும் விட்டுவிட்டேன். போன மாதம் அடுப்படித் தராசுக்குப் பேட்டரி தீர்ந்துபோனது. புதுசு போட்டேன். ஒரு கிலோ வை என்று கேட்டது. கிலோக் கல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. மாவு டப்பாவைத் திறந்து, துணி முடிச்சை அவிழ்த்து, ஆறு கல்லையும் வரிசையாக வைத்தேன். இதுதான் கிலோ என்று நம்பிக்கொண்டது.

என் எடை அறுபத்தெட்டு கிலோ.